புத்தகத்தில் 100, ஊட்டியில் 93

பயிற்சிக் கூட்டங்களுக்குப் போனால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். மாணவர் மையக் கற்றல், செயல்பாட்டு வழிக் கற்றல், உயர் சிந்தனைத் திறன். கேட்டுவிட்டு மலையேறி வருகிறோம். அடுத்த வாரம் வகுப்பில் சார்ட் வருகிறது, ஸ்கெட்ச் பேனா வருகிறது, தெர்மாகோல் வருகிறது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பெரிதாக வரைகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, போட்டோவும் நன்றாக விழுகிறது. ஆனால் அந்தப் பீரியடில் ஒரு பிள்ளையாவது எதையாவது தானாக யோசித்துச் சொன்னதா என்று கேட்டால் பல நாள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்கு வேலை இருந்தது, மூளைக்கு இல்லை.

நீலகிரியில், ஊட்டியை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பாடத்தை மாற்றியமைப்பது பற்றி எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: முதலில் மாற வேண்டியது கேள்வி. பென்ச்சை வட்டமாகப் போடுவது, குழு பிரிப்பது, ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்குப் பிறகு. கேள்வி பழையதாகவே இருந்தால் வட்டமாக உட்கார்ந்தும் மனப்பாடம்தான் நடக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்த முயற்சி புதிதில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. கற்றல் அட்டைகள், எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப் படம், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை என்று தொடக்கப் பள்ளிகளின் தோற்றமே மாறியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் கடைசியில் ‘உயர் சிந்தனை வினாக்கள்’ என்று தனிப் பகுதியே இருக்கிறது. நல்ல வினாக்கள் பலவும் அதில் உண்டு. ஆனால் கைடில் அவற்றுக்கும் விடை அச்சாகி வந்துவிடுகிறது, பிள்ளைகள் அதையும் படித்து ஒப்பிக்கிறார்கள். விடை கையில் வந்த பிறகு எந்தக் கேள்வியும் நினைவாற்றல் கேள்விதான்.

அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1956-ல் தன் குழுவோடு வகுத்த கற்றலின் ஆறு படிநிலைகள் 2001-ல் திருத்தப்பட்டன. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்று அவற்றை பி.எட். முடித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நாம் மாடிப்படி மாதிரி எடுத்துக்கொண்டதில்தான் எனக்குப் பெரிய வருத்தம். முதல் படி ஏறாமல் இரண்டாவதில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு ஊறிவிட்டது. அதனால் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருக்கிற பிள்ளைக்கு ஆண்டு முழுக்க ஒரு மார்க் கேள்விதான். கோடிட்ட இடம், பொருத்துக, மறுபடியும் கோடிட்ட இடம். யோசிக்கச் சொல்லும் கேள்வி நன்றாகப் படிக்கிற நாலு பேருக்கு மட்டும் போகிறது. வீட்டில் ஆடு மாடு பார்க்கிற, அம்மாவோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வருகிற பிள்ளைக்குக் காரணகாரியம் பார்க்கத் தெரியாதா? அந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதில்தான் தடங்கல். அதற்காக யோசிக்கிற வாய்ப்பையும் சேர்த்துப் பிடுங்குவது அநியாயம்.

ஒரு பாடத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஏழாம் வகுப்பில் வெப்பநிலை பாடம். நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நீர் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். இதை நேரே சொல்லி எழுதிப் போட்டால் ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் 93 என்று இன்னொரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

அதனால் சொல்லவில்லை. ஸ்பிரிட் விளக்கு, பீக்கர், ஆய்வகத் தெர்மாமீட்டர் எல்லாம் மேஜையில். எல்லோரும் நோட்டில் முன்கூட்டியே எழுத வேண்டும்: நீர் நன்றாகக் கொதிக்கும்போது எத்தனை டிகிரி காட்டும்? மொத்த வகுப்பும் 100 என்று எழுதியது. சூடேற்றினேன். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. குமிழ் பொங்க ஆரம்பித்தது. 93-க்குச் சற்று முன்னாலேயே பாதரசம் நின்றுவிட்டது. பொங்குகிறது, நகரவில்லை. ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், இது பழைய தெர்மாமீட்டர் மிஸ், ஓடாது” என்றான். இன்னொருவன், “தீ பத்தல மிஸ்.” பின் பென்ச்சிலிருந்து ஒரு குரல், “இங்க குளிருதுல்ல, அதான்.” ஒரு பெண், “ஊட்டித் தண்ணியே வேற.”

நான்கும் நல்ல கருதுகோள்கள். நான்கையும் பலகையில் எழுதினேன். எது சரி, எது தப்பு என்று நான் வாய் திறக்கவில்லை. “இது ஒவ்வொண்ணையும் எப்படிச் சோதிப்பீங்க? பக்கத்துல இருக்கிறவங்களோட பேசிட்டுச் சொல்லுங்க.”

அங்கிருந்துதான் பாடம் ஆரம்பித்தது என்பேன். தீ போதவில்லை என்றவனுக்கு விடை சீக்கிரம் கிடைத்தது. இன்னொரு விளக்கையும் சேர்த்து வைத்தோம். நீர் வேகமாகப் பொங்கியது, சீக்கிரம் வற்றியது, தெர்மாமீட்டர் அசையவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போனதா என்பதற்கு வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தோம். அதுவும் அதே இடத்தில் நின்றது. “ரெண்டுமே கெட்டுப்போயிருந்தா?” என்று முதலில் சொன்னவன் விடவில்லை. நியாயமான சந்தேகம்தானே. அப்போது வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், உருகுகிற ஐஸில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டுமே என்றாள். வைத்தோம். பூஜ்யம் காட்டியது. ஒரு கருவியை நம்பலாமா என்பதைத் தெரிந்த ஒரு புள்ளியில் வைத்துச் சரிபார்ப்பதுதான் அளவீட்டின் அடிப்படை. அதை நான் கற்பிக்கவில்லை, வாக்குவாதத்தின் நடுவில் அவளுக்குத் தேவைப்பட்டது, யோசித்து எடுத்தாள்.

ஊட்டித் தண்ணீர் வேறு என்பதற்கு ஒரு பையன் வழி சொன்னான். அவன் அப்பா கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருபவர். மறுவாரம் இரண்டு பாட்டில் மேட்டுப்பாளையம் தண்ணீர் வந்து சேர்ந்தது. கொதிக்க வைத்தோம். அதே 93. அந்தத் தண்ணீர் கீழே இருந்தால் 99-ஐ ஒட்டிக் கொதித்திருக்கும், மேலே வந்ததும் ஏன் மாறியது? தண்ணீர் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அப்படியென்றால் இடத்தில் என்ன மாறியது?

இதற்கு விடை அவர்கள் வீட்டிலேயே இருந்தது. மலையேறும் பஸ்ஸில் காது அடைப்பது எல்லோருக்கும் தெரியும். கீழே கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதும் தெரியும். எங்கள் சத்துணவு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். கீழே அம்மா வீட்டில் பருப்பு வேகிற நேரத்துக்கும் இங்கே வேகிற நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவர் சொன்னார். “குக்கர் இல்லைன்னா இந்த ஊர்ல கொண்டைக்கடலையெல்லாம் முழுசா வேகவே வேகாது கண்ணு” என்றார். குக்கரில் மட்டும் ஏன் வேகிறது என்று உடனே ஒரு கேள்வி. மூடிய பாத்திரம், உள்ளே அடைபடும் ஆவி, அழுத்தம். பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கோத்து வந்தார்கள். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, ஊட்டியில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான், நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. கடைசிக் கண்ணியை நான்தான் சொன்னேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுத்தம் என்ற கருத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது கற்பித்தல் ஆகாது. ஆனால் அது எப்போது சொல்லப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு வரி. அன்றைக்கு அது இத்தனை நாள் தேடியதற்கான விளக்கம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனப்பாடமே கெடுதல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 100 டிகிரி என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால்தான் 93 அவர்களை உலுக்கியது. தெரிந்தது ஒன்றும் இல்லாத இடத்தில் வியப்பும் வராது. வாய்ப்பாடு தெரிய வேண்டும், தனிமங்களின் குறியீடு தெரிய வேண்டும், குறள் தெரிய வேண்டும். அதெல்லாம் யோசனைக்கான சரக்கு. சரக்கைச் சேர்த்து வைத்துவிட்டு ஒரு நாளும் கடை திறக்காமல் இருப்பதுதான் நம் வகுப்புகளின் குறை.

நடைமுறையில் எது கடினம் என்று கேட்டால், சும்மா இருப்பதுதான். கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக நிற்பது ஆசிரியர்களுக்கு உடம்பிலேயே இல்லாத பழக்கம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று புரியும். முன் பென்ச் கை அதற்குள் உயர்ந்துவிடும், அந்தக் கையைப் பார்க்காதது போல நிற்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. என் வகுப்பில் வீட்டில் படுகு பேசுகிற பிள்ளைகள் உண்டு, தமிழ், கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் உண்டு. கூடலூர்ப் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தேயிலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பென்ச்சில் இருப்பார்கள். ஜோடியாகப் பேசும்போது எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். வகுப்புக்குச் சொல்லும்போது தமிழில் சொல்லட்டும், திக்கினால் பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துக் கொடுக்கட்டும். “தமிழ்ல பேசு” என்று தொடக்கத்திலேயே தடுத்தால் யோசனையே நின்றுவிடுகிறது. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் வரும் குறை ஒன்று உண்டு: “நோட்டு காலியா இருக்கே டீச்சர், எழுதிப் போடறதில்லையா?” அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பிள்ளைகளுக்கேகூட இப்படி நடக்கிற வகுப்பில் ‘ஒன்றும் படிக்கவில்லை’ என்று தோன்றுவதுண்டு. 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வில், தாங்களே முட்டி மோதிக் கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கியிருந்தார்கள், ஆனால் குறைவாகத்தான் கற்றோம் என்று நினைத்தார்கள். அழகான விரிவுரை கேட்டவர்களுக்கு நிறையக் கற்ற உணர்வு இருந்தது. திணறுவதைக் கற்காததாக நினைத்துக்கொள்கிறோம். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2014-ல், கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம். கல்லூரிக்கணக்கு அப்படியே பள்ளிக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோல்வி குறைகிறது என்பது, பின்தங்குகிற பிள்ளைக்குத்தான் இது முதலில் உதவும் என்ற என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

அதற்காக எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் அறிவியல் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 75-க்கான பாடத்தை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் ஒவ்வொரு பாடத்தையும் மாற்றியமை என்று சொல்வது இரக்கமில்லாத யோசனை. பருவத்துக்கு ஓரிரு பாடம் போதும். மற்றவற்றில் ஒரே ஒரு கேள்வியை மாற்றினால் போதும். வகுப்புத் தேர்விலும் அப்படித்தான். ‘நீரின் கொதிநிலை யாது?’ என்பதை எடுத்துவிட்டு இப்படிக் கேட்டேன்: ‘கொடைக்கானலில் ஒருவர் நீர் 93 டிகிரியில் கொதித்தது என்று எழுதியிருக்கிறார். அவர் நண்பர் அளந்தது தவறு என்கிறார். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க நீ என்ன செய்வாய்?’ மூன்று மார்க். என்ன முடிவு என்பதற்கு ஒன்று, எந்தச் சோதனை என்பதற்கு ஒன்று, ஏன் என்பதற்கு ஒன்று. எழுத்துப்பிழைக்கு மார்க் குறைப்பதில்லை. எப்போதும் ஒற்றை இலக்கத்தில் நிற்கிற ஒரு பையன் ‘ஐசில வெச்சு பாப்பேன்’ என்று தொடங்கி மூன்றையும் வாங்கினான்.

பாடத்துக்கான நல்ல கேள்வியை எங்கே தேடுவது? புத்தகம் சொல்வதும் ஊரில் நடப்பதும் முட்டிக்கொள்கிற இடத்தில். இந்த மலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. உயரம் போகப் போகக் குளிர் கூடும், ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும் என்று படிக்கிறோம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் பள்ளமான புல்வெளிகள்தான் வெள்ளை வெளேரென்று கிடக்கும், சரிவின் மேலே இருக்கிற ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அவ்வளவு இருக்காது. ஏன்? மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது, அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இதற்குப் பிள்ளைகள் வீட்டில் விசாரித்து வந்தார்கள். எந்த வயலில் பனி முதலில் அடிக்கும், மேகம் கவிந்த ராத்திரியில் ஏன் நிம்மதியாகத் தூங்கலாம், வெயில் ஏறும் முன்பே ஏன் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று தாத்தாக்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் இருக்கிற அறிவு பள்ளியில் மதிப்புப் பெறுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், இந்த உழைப்பு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து சதவீதப் பாடத்துக்கும் ஒன்று செய்தோம். மழை நாளில் பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்கென்று ஒரு சதவீதம் கழிப்பார்கள். எல்லா நாளும் ஒரே அளவு கழிப்பது நியாயமா, இலையில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எப்படி அளப்பது? நனைந்த இலையை நிறுத்து, துணியில் ஒற்றி ஆறவிட்டு மறுபடி நிறுத்து, அம்மாவின் கூலிச் சீட்டோடு ஒப்பிட்டார்கள். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த பருவத்துக்கு உராய்வுப் பாடத்தை எடுத்திருக்கிறேன். 1899-ல் குன்னூர் வரை வந்த மலை ரயில் 1908-ல் ஊட்டியை எட்டியது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் இருக்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். குன்னூருக்கு மேலே அது இல்லை. குன்னூருக்கு மேலும் ஏற்றம்தானே, அங்கே ஏன் வேண்டாம்? இதுதான் கேள்வி. ஒவ்வொரு ஸ்டேஷனின் மஞ்சள் பலகையிலும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், அதைப் பிள்ளைகள் குறித்து வரட்டும். ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் விசாரித்து வந்து ஏற்றத்தை அவர்களே கணக்குப் போடட்டும். வகுப்பில் ஒரு மரப்பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் பேட்டரி வண்டியின் சக்கரம் சுற்றியும் வண்டி ஏறாமல் வழுக்குகிறது என்று கோணமானியில் பார்ப்போம். பிறகு பலகையை மூடுபனியில் நனைந்த தண்டவாளம் மாதிரி நனைத்துவிட்டு மறுபடியும் பார்ப்போம். இப்போதைக்கு நான் வாங்கிவந்த வண்டியின் பிளாஸ்டிக் சக்கரம் காய்ந்த பலகையிலேயே வழுக்குகிறது. ரப்பர் சக்கரம் உள்ள வண்டி கிடைத்தால் சரியாகும் என்று நினைக்கிறேன். இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால் என்ன வண்டி சரிப்பட்டது என்று எழுதுங்கள், ஜனவரிக்குள் வாங்கி வைத்துவிடுவேன்.